கோடை மழையில் தெரு நிரம்பினால்: தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு

கடலோர நகரத்தில் கோடை இடிமழை கொஞ்ச நேரம்தான் பெய்யும், அதற்குள் தெரு முழங்கால் அளவு நிரம்பிவிடும். குப்பை அடைப்பு மட்டும் காரணமல்ல. மழைநீர் வடிகால் கடைசியில் கடலிலோ கழிமுகத்திலோதான் போய் விழுகிறது. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறியிருந்தால் வடிகாலின் வாய் நீருக்குள் மூழ்கிவிடும், தண்ணீருக்குப் போக வழி இருக்காது.

1. ஓத நேரம் பாருங்கள்

மழை அறிவிப்போடு ஓத அட்டவணையையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் உயரும். கனமழை அந்த நேரத்தில் வரும் என்றால் வண்டியை முன்னதாகவே மேட்டில் நிறுத்திவிடுங்கள்.

2. வாசலில் மணல் மூட்டை

முதலில் தரையோடு கதவையும் மூடும்படி தடித்த பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மணல் போதும். பிதுங்கப் பிதுங்க நிரப்பினால் இடுக்கில் படியாது. வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமுக்குங்கள்.

3. வீட்டுக்குள்ளிருந்து வரும் தண்ணீர்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வாசலை எவ்வளவு அடைத்தாலும், தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் குளியலறைத் துளை வழியாகவும் கழிவறை வழியாகவும் மேலே வரும். முதலில் 'களக் களக்' என்று காற்றுக் குமிழி சத்தம் கேட்கும். அதைக் கேட்டதுமே அடைத்துவிடுங்கள்: பிளாஸ்டிக் பையில் சிறிய மணல் மூட்டையைப் போட்டுக் கட்டி, கழிவறைக் கோப்பைக்குள் அழுத்தி வையுங்கள். தரைத் துளைமேல் ரப்பர் தகடு, அதன்மேல் கனமான மூட்டை.

நிரந்தரத் தீர்வு, வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது கழிவுநீரை வெளியே விட்டு, திரும்பி வரவிடாத வால்வு. தானாக மூடும் மடல் மட்டும் உள்ளதை நான் சொல்லமாட்டேன். துணித் துணுக்கு ஒன்று சிக்கினாலும் மடல் முழுதாக மூடாது. கையால் மூடும் தடுப்பும் சேர்ந்ததையே வாங்குங்கள்.

அடைத்த பிறகு வீட்டில் யாரும் தண்ணீர் கொட்டக்கூடாது. மாடிக் குழாயும் அதே இணைப்பில் சேர்ந்தால், மேலே ஊற்றும் ஒரு வாளி கீழே உங்கள் குளியலறையில்தான் வரும். மாடிவீட்டாரிடம் முன்பே பேசிவையுங்கள்.

4. மின்சாரம்

தண்ணீர் படியைத் தொடும் முன்பே மெயினை அணையுங்கள். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்களா? ஸ்விட்சைத் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

5. தெருவில் இறங்காதீர்கள்

வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. சின்னக் காரை மிதக்கவிடும். திறந்த மேன்ஹோல் கலங்கல் நீரில் தெரியாது. இறங்கியே ஆகவேண்டுமென்றால் மூடிய காலணி, கையில் நீளக் கம்பு, ஒவ்வோர் அடியும் ஊன்றிப் பார்த்து.

பின்சேர்க்கை: மூழ்கிய வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஓடுகிறதா என்று ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே பிஸ்டனோடு இணைந்த தண்டு வளைந்து எஞ்சினே போய்விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். அப்புறம், தரைமட்டத் தொட்டிக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குடிக்காதீர்கள். முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே நிரப்புங்கள்.