நல்லெண்ணெயில் ஏறிய மண்வாடை: என் அனுபவம்

காரைக்குடியில் சிறிய செக்கு நடத்துகிறேன். நிறம் குறைந்த நல்லெண்ணெய் கேட்டார் ஒரு பலகாரக்காரர். எண்ணெயின் நிறத்தை உறிஞ்சும் களிமண் தூளான உணவுத் தர வெளுப்பு மண்ணை 100 கிலோ எண்ணெய்க்கு 3 கிலோ போட்டு, திறந்த அண்டாவில் காய்ச்சினேன். நிறம் இறங்கியது, ஆனால் மண்வாடையும் சிக்கு வாடையும் ஏறிவிட்டன. மனசே ஆறவில்லை.

சூட்டில் காற்றுப் பட்டதுதான் சிக்குக்குக் காரணம். பெரிய ஆலைகளில் வெற்றிடத்தில் வெளுப்பது இதனால்தான். அடுத்த தடவை எண்ணெயின் ஈரத்தைப் போக்கி, மண்ணை 1 கிலோவாகக் குறைத்து, மூடிய பாத்திரத்தில் 90 டிகிரியில் 20 நிமிடம் மட்டும் மெதுவாகக் கிளறினேன். அப்புறம் கெட்டித் துணியில் இரண்டு தடவை வடித்தேன். மண் துகள் தங்கிவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். வாடை இல்லை, இளம்பொன் நிறம். எள் மணம் கொஞ்சம் குறைந்தது, அதைத் தவிர்க்க முடியாது.

எண்ணெய் ஊறிய மண்ணைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் தண்ணீர் தெளித்து, மூடிய இரும்பு டப்பாவில் வெளியே வைக்கிறேன்.