வெயிட்டான சர்வர ரேக்ல ஏத்துறதுக்கு முன்னாடி

சர்வர தூக்கி வைக்கிறது கடைசி வேலைங்க, மொதல்ல ரேக், அதாவது சர்வருங்கள அடுக்குற மெட்டல் ஃப்ரேம், அசையாம நிக்குதான்னு பாருங்க. லெவலிங் கால் நாலும் தரைல பதிஞ்சிருக்கணும், சாயாம இருக்க முன்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் வரும் அத மாட்டியிருக்கணும், இல்லன்னா ரேக்கையே தரையோட போல்ட் போட்டிருக்கணும். இதெல்லாம் இல்லாம கனமான சர்வர ரெயில்ல (சர்வர் உள்ள வெளிய நகர ரெண்டு பக்கமும் இருக்குற பட்டை) முழுசா வெளிய இழுத்தா ரேக்கே உங்க மேல சாஞ்சிடும். சாயுற ரேக்க யாராலயும் புடிக்க முடியாது, விலகிடுங்க. ஒரு நேரத்துல ஒரு சர்வர் மட்டும் தான் வெளிய இழுக்கணும்னு சொல்றதும் இதனால தான்.

கனமானது எல்லாம் அடில. யூபிஎஸ், அதுக்கு மேல ஸ்டோரேஜ், அப்புறம் சின்ன சர்வருங்க, கீழருந்தே ஏத்திட்டு வாங்க.

அடுத்து ரெயில். ஆளுங்க நெறைய தப்பு பண்றது இங்க தான். ரேக் உயரத்த யூ-ன்னு தான் அளப்பாங்க, 1யூன்னா 44.45 மிமீ, அதுல ரெயில் மாட்ட 3 ஓட்டை, ஆனா எல்லா இடைவெளியும் ஒண்ணு இல்ல, ரெண்டு ஓட்டை நெருக்கமா இருக்குல்ல, அதுக்கு நடுவுல தான் ஒரு யூ முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குது. முன்னாடி எந்த யூ நம்பரோ பின்னாடியும் அதே நம்பர். ஒரு ஓட்டை தள்ளிப் போனாலும் ரெயில் கோணலாகி சர்வர் பாதில சிக்கும், அப்ப மொத்த வெயிட்டும் உங்க கைல தான். ரெயில் லாக் ஆச்சான்னு கையால ஆட்டிப் பாத்துட்டு நகருங்க.

தூக்குறதுக்கு முன்னாடி பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் கழட்டிடுங்க, வெயிட் நல்லா கொறையும். டிஸ்க் எந்த ஸ்லாட்ல இருந்துச்சோ அந்த நம்பர ஒட்டி வைங்க, மாத்திப் போட்டுட்டு ரெய்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து வைக்கிற செட்டப்) கூட மல்லுக்கட்ட வேணாம். பவர் சப்ளை கைப்பிடிய புடிச்சு சர்வர தூக்கவே கூடாது, அது அந்த வெயிட்டுக்கு செஞ்சது இல்ல.

ரெண்டு பேராவது வேணும், நெஞ்சு உயரத்துக்கு மேலன்னா சர்வர தூக்குற லிஃப்ட் மெஷின் தான், வீம்பு வேணாம். சொருகுற டைப் ரெயில்னா அதுக்குள்ள நகருற பால் பேரிங்க முன்னாடி கடைசி வரைக்கும் இழுத்து வச்சுட்டு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல நேரா சொருகுங்க. பாதி தூரத்துல லாக் ஆகி நிக்கும், லீவர அழுத்தி தள்ளுறப்ப விரல் நசுங்கும், கைய முன்பக்கம் மட்டும் வைங்க. உள்ள போனதும் முன்பக்க ஸ்க்ரூவ போட்டுட்டு அப்புறமா டிஸ்க், பவர் சப்ளை மாட்டுங்க. வெளிய இழுத்து வச்ச சர்வர் மேல லேப்டாப், ஸ்க்ரூ டப்பான்னு எதையும் வைக்காதீங்க, ரெயில் ஒண்ணும் டேபிள் இல்ல.