எத்தனை கன அடி என்று மட்டும் கேட்காதீர்கள்

அணையின் பாதிப்புகளைப் பேசித் தீர்க்க எல்லாத் தரப்பையும் கூட்டினால், அரை மணி நேரத்தில் பேச்சு "ஆற்றுக்கு எத்தனை கன அடி விடுவீர்கள்?" என்பதில் வந்து நிற்கும். விவசாயி ஓர் எண் சொல்வார், மின் உற்பத்தி செய்பவர் ஓர் எண், மீனவர் ஓர் எண். நடுவில் ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் சமரசம் ஆகிவிட்டது போலத் தோன்றும். முதல் தவறு இதுதான். ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எப்போது வருகிறது என்பதும் முக்கியம்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையைப் பாருங்கள். மின்தேவை ஏறும்போது தண்ணீரைக் கூட்டுவார்கள், இறங்கும்போது குறைப்பார்கள். ஆற்றின் மட்டம் தினமும் ஏறி இறங்கும். தண்ணீர் விளிம்பில் கல்லை ஒட்டி முட்டையிடும் பூச்சிகள் அங்கே உண்டு. மட்டம் இறங்கியதும் முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும். பூச்சி குறைந்தால் மீனுக்குத் தீனி குறையும். 2018 கோடையில் ஒரு சோதனை செய்தார்கள்: சனி, ஞாயிறு மட்டும் தண்ணீரைத் தாழ்வாக, ஆடாமல் வைத்தார்கள். அந்த இரண்டு நாளில் இட்ட முட்டைகள் வாரம் முழுக்க நீருக்குள்ளேயே இருந்தன. வார இறுதியில் மின்தேவையும் குறைவுதான். ஆண்டு மொத்தத்தில் ஒரு சொட்டுகூடக் கூடுதலாக விடவில்லை. கன அடிக்கு மட்டும் பேரம் பேசியிருந்தால் இந்த வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த தவறு, பேச்சு மேசையில் 'சுற்றுச்சூழல்' என்று ஒரே ஒரு நாற்காலி போடுவது. அதே அணையில் நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் குளிர்ந்து, தெளிந்து இருக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கு அது சொர்க்கம்; தூண்டில்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். அந்த ஆற்றின் சொந்த மீனான ஹம்ப்பேக் சப்புக்கோ வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். இரண்டு தரப்பும் மீனைக் காப்பாற்றத்தான் கேட்கின்றன, ஆனால் கேட்பது வேறு வேறு தண்ணீர்.

ஆட்களைத் தாமதமாகக் கூப்பிடுவதும் நிறையவே நடக்கிறது. தாய்லாந்தின் பாக் முன் அணை 136 மெகாவாட் திறன் கொண்டது, 1994-இல் முடிந்தது. மீன் ஏறிப்போக ஏணியும் கட்டினார்கள். மீகாங் ஆற்றிலிருந்து ஏறி வரும் பெரும்பாலான மீன் வகைகளுக்கு அது பயன்படவில்லை. மீனைத்தான் கேட்க முடியாது, மீனவரையாவது கேட்டிருக்கலாம்! நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2001-இல் மதகுகளைத் திறந்துவைத்து ஆய்வு செய்தபோது, காணாமல் போயிருந்த மீன்கள் திரும்பி வந்தன.

சரி, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பது எனக்கு மிக ஆபத்தான தவறாகத் தெரிகிறது. 1996-இல் ஆற்றோர மணல்திட்டுகளை மீண்டும் உயர்த்த, கிளென் கேன்யனிலிருந்து நொடிக்கு 45,000 கன அடி வீதம் ஏழு நாள் செயற்கை வெள்ளம் விட்டார்கள். அணைக்குக் கீழே திட்டுகள் உயர்ந்தன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மணலில் பெரும்பகுதி பழைய திட்டுகளின் அடிப்பகுதியிலிருந்தே அரித்து வந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. கொலராடோவில் வந்து கலக்கும் பரியா ஆறு புது மணல் கொண்டுவந்து சேர்த்த கையோடு வெள்ளம் விட வேண்டும் என்று பாடம் கற்று, 2012-இல் விதிமுறையையே மாற்றினார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் இப்படித் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதா? எதை அளப்பது, யார் அளப்பது, எப்போது மறுபடி உட்காருவது என்பதையும் எழுதிவையுங்கள்.

கடைசியாக, ஒரே அணைக்குள் முட்டி மோதிக்கொண்டிருக்காமல் ஆறு முழுவதையும் பாருங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெனாப்ஸ்காட் ஆற்றில் கடலுக்கு அருகிலிருந்த இரண்டு அணைகளை 2012, 2013-இல் இடித்தார்கள். அதே ஆற்று வடிநிலத்தின் மற்ற அணைகளில் உற்பத்தியைக் கூட்டி, போன மின்சாரத்தை ஈடுகட்டிக்கொண்டார்கள்.