முழங்கால் அடி: இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

ஒருவர் சட்டையைப் பற்றிக்கொண்டு நெருங்கிவிட்டால் குத்த இடமிருக்காது, உதைக்கத் தூரமிருக்காது. அந்த நெருக்கத்தில் கைகொடுப்பது முழங்கால். நிற்கும் நிலையையும் முகத்தைக் காக்கும் முறையையும் எந்தத் தற்காப்பு வகுப்பிலும் முதல் நாளே சொல்லித் தருவார்கள் என்பதால் நேராக அடிக்கே வருகிறேன். வலக்காலால் அடிப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. பிடி: எதிராளியின் பின்தலையில் ஒரு கையின் மேல் மறு கையை வையுங்கள். கழுத்தைப் பிடித்தால் அவர் நிமிர்ந்துவிடுவார். தலை குனிந்தால் உடலும் குனியும். விரல்களைக் கோக்க வேண்டாம், சிக்கினால் முறியும். முழங்கைகள் அவர் மார்பை ஒட்டியே இருக்கட்டும்.

2. இடக்காலைச் சற்று வெளிப்பக்கமாக முன்வையுங்கள்.

3. இடுப்பு: எனக்குப் பிடிபட நெடுநாள் எடுத்த இடம் இதுதான். முழங்காலை மேலே தூக்கினால் தொடை மட்டுமே உழைக்கும். அடியில் கனம் இருக்காது. முழங்கால் முன்னே பாய வேண்டும். ஊன்றிய காலின் குதிகாலை உயர்த்தி, இடுப்பை முன்னே தள்ளி, மேலுடலைச் சிறிது பின்னே சாயுங்கள். அடிக்கும் காலின் குதிகால் பிட்டத்தை நோக்கி மடங்கட்டும், விரல்கள் தரையை நோக்கட்டும்.

இதைப் பழக ஒரு வழி உண்டு. தடித்த மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலைத் தூக்கினால் மட்டும் ஒரு சாண் எட்டாமல் போகும் தூரத்தில் நில்லுங்கள். இடுப்பு முன்னே வந்தால்தான் முழங்கால் மெத்தையைத் தொடும். வேகம் வேண்டாம், மெதுவாகத் தொட்டு, காலைப் பின்னே இறக்குங்கள். உடல் புரிந்துகொண்ட பிறகு வேகம் தானாக வரும்.

4. இடுப்பு முன்னே போகும் அதே கணத்தில் தலையை உங்களை நோக்கி இழுங்கள். படவேண்டியது முழங்கால் சில்லு அல்ல, அதற்குச் சற்று மேலே தொடை முடியும் இடம். குறி வயிறு, விலா, தொடை.

பயிற்சிக்குத் தொங்கும் குத்துமூட்டையைவிட, துணைவர் கையில் பிடித்து நிற்கும் ‘தாய் பேட்’ என்ற தடித்த பட்டைதான் எனக்குப் பிடிக்கும். எதிரே மனிதர் நிற்பதால் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அதுவே நல்ல பாடம். வீவக அடுக்குமாடி வீட்டில் மூட்டை தொங்கவிட நினைத்தால் கீழ்வீட்டாரையும் நினைத்துப் பாருங்கள். அதிர்வு சுவர் வழியாக இறங்கும்.

விதிகள் துறைக்குத் துறை மாறும். தாய்லாந்துச் சண்டைக்கலையான முவாய் தாயில் முழங்கால் முக்கிய ஆயுதம், குத்துச்சண்டையில் அதற்கு இடமே இல்லை. தெருவிலோ சட்டம்தான் நடுவர். சிங்கப்பூரில் தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த அது அனுமதிக்காது. பிடி தளர்ந்ததும் விலகி ஓடி, 999-இல் போலிசை அழையுங்கள். விழுந்தவரை மீண்டும் அடிப்பது தற்காப்பு ஆகாது.

பின்சேர்க்கை: உயரம் குறைந்த வாசகர்கள் சிலர், நெடியவர்களின் தலை எட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயமான சிக்கல். தாய்லாந்தின் முவாய் தாய் வீரர் டீசல்நோய் முழங்காலால் புகழ்பெற்றதில் அவருடைய உயரத்துக்கும் பங்குண்டு. உங்களுக்குத் தலைப்பிடி தேவையில்லை. எதிராளியின் அக்குளுக்குக் கீழே கைகளை நுழைத்து முதுகைக் கட்டிக்கொள்ளுங்கள், நெற்றியை அவர் மார்பில் அழுத்துங்கள், பக்கவாட்டிலிருந்து வளைத்துத் தொடையின் வெளிப்புறத்தில் அடியுங்கள். நேர் அடியைவிட இதற்கு இடம் குறைவாகவே வேண்டும், மின்தூக்கிக்குள்ளும் செய்யலாம்.