கிராம சபையில் தெருவிளக்குக்குத் தீர்மானம் போட வைப்பது எப்படி?

எங்கள் தெருவின் கடைசிக் கம்பங்களில் இன்று விளக்கு எரிகிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு கிராம சபைத் தீர்மானம். பக்கத்து ஊர்க்காரர்கள் பலர் வழி கேட்டதால் இதை எழுதுகிறேன். குடிநீர்க் குழாய், சாக்கடை, சுடுகாட்டுப் பாதை என எதற்கும் இதே முறைதான்.

படி 1: சட்டத்தில் உங்கள் வேலை எங்கே வருகிறது?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதில் 110ஆம் பிரிவும் 111ஆம் பிரிவும் போதும். ஊர்ச் சாலை, குடியிருப்புப் பகுதித் தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், குப்பை அகற்றுதல், பொதுக் கழிப்பறை, சுடுகாடு, கிணறு குளம் பராமரிப்பு எல்லாம் 110இல் வரும். இவை ஊராட்சியின் கடமைகள். சந்தை, படிப்பகம், விளையாட்டு மைதானம் போன்றவை 111இல் வரும். அவற்றை ஊராட்சி விரும்பினால் செய்யலாம்.

தெருவிளக்கு இரண்டிலும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வீடுகள் உள்ள பகுதி என்றால் 110, அதற்கு வெளியே என்றால் 111. அதனால் மனுவில் அந்தத் தெருவில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று கட்டாயம் எழுதுங்கள்.

படி 2: மனு

ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. பத்துப் பிரச்சினையை ஒரே மனுவில் அடுக்கினால் ஒன்றும் நடக்காது. கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குக்கான தனி ஒயர் அந்தக் கம்பம்வரை வந்திருக்கிறதா என்று லைன்மேனிடம் கேளுங்கள். வந்திருந்தால் விளக்கு மாட்டினால் போதும். இல்லையென்றால் மின்வாரியம் எஸ்டிமேட் போட்டு, ஊராட்சி பணம் கட்ட வேண்டியிருக்கும். அதையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ஊராட்சி செயலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் போடுவதைவிட இதையே நான் நம்புகிறேன். போன் புகாரால் தீர்மானம் வராது.

படி 3: கிராம சபை நாள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள்தான். யாருடைய அழைப்பும் தேவையில்லை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கான குறைந்தபட்ச வருகை. உங்கள் தெருப் பெண்களை அழைத்து வாருங்கள். இருட்டில் நடப்பவர்களே எழுந்து பேசினால் சபை காது கொடுத்துக் கேட்கும்.

படி 4: எல்லோரும் கோட்டை விடும் இடம்

பேசுவோம், தலைவர் "செஞ்சிடலாம்" என்பார், கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியிருக்காது. ஏறினாலும் "பொதுமக்களின் கோரிக்கைகள் பரிசீலிக்கப்படும்" என்று பொத்தாம்பொதுவாக இருக்கும். அப்படி ஒரு வரியை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது.

அதனால் தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். தெருவின் பெயர், கம்ப எண், எத்தனை விளக்கு, எந்த நிதி, எப்போதுக்குள் என்பது அதில் இருக்க வேண்டும். கூட்டம் முடியும் முன் தீர்மான எண் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவு என்று முதலிலேயே நீட்டப்படும் தாளில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கையெழுத்தான பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நிதி இல்லை" என்பார்கள். 110ஆம் பிரிவே நிதி வரம்புக்கு உட்பட்டு என்றுதான் சொல்கிறது, ஆகவே அது வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. ஆனால் வரவு செலவுக் கணக்கைச் சபையில் வைத்தாக வேண்டும். அதை வாசிக்கச் சொல்லி, தெருவிளக்குக்கு என்ன செலவானது என்று நிதானமாகக் கேளுங்கள். சண்டை வேண்டாம்.

படி 5: பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம்

ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ.க்கள் இருப்பார்கள்: வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர். உறைமேல் "(கி.ஊ.)" என்று எழுதாவிட்டால் மனு மேஜை மாறிச் சுற்றும். தீர்மான நகலை இணைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள்: "இன்ன தேதி, இன்ன எண் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளில் உரியவருக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 6(3).

பின்சேர்க்கை: "எங்கள் ஊரில் தலைவரே இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் இருக்கும் ஊரில் மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்காரர்களுக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. உங்களுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான் கேட்க வேண்டிய இடம்.