அந்தக் குறட்டையை நம்பாதீர்கள்

தம்பி தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். கதவுக்கு வெளியே நின்று குறட்டையைக் கேட்டுவிட்டு, தூங்கட்டும் என்று திரும்பப் போனேன். ஆனால் அந்தக் குறட்டைக்குள் வாய் கொப்பளிப்பது போல ஒரு களகள சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை. அந்த மௌனம்தான் என்னை உள்ளே போகவைத்தது. உதடும் நகக்கண்களும் நீலம் பாரித்திருந்தன. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஹெராயின் அளவுக்கு மீறினால் மூளையில் மூச்சை நடத்தும் இடம் மந்தமாகிவிடும். முதலில் அடங்குவது மூச்சு, அதன் பிறகே இதயம். ஆகவே அந்தச் சில நிமிடங்களுக்கு மயங்கிக் கிடப்பவருக்காக நீங்கள் மூச்சு விடவேண்டும்.

பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். விரல் முட்டிகளால் நடுநெஞ்செலும்பில் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லையென்றால் உடனே அவசர உதவிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். "ஆள் எழவில்லை, மூச்சு சரியாக இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். என்ன எடுத்தார் என்பதையும் மறைக்காதீர்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து, வாயில் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 நொடிக்கு ஒரு முறை ஊதுங்கள். நான் ஊதிய முதல் மூச்சுக்கு அவன் நெஞ்சு உயரவே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்க மறந்திருந்தேன். தூக்கியதும் நெஞ்சு மெல்ல எழுந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த எழுச்சியைப் பாருங்கள். நாடி இல்லையென்றால் நெஞ்சை அழுத்தவேண்டும். போனில் இருப்பவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள்.

ஹெராயினின் வேலையை முறிக்கும் மருந்தான நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே கையில் இருந்தால் ஒரு நாசியில் முனையை நன்றாக நுழைத்து, முழுவதையும் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்றை அடுத்த நாசியில் கொடுங்கள். எடுத்தது ஹெராயின்தானா என்ற சந்தேகத்தில் தயங்கவேண்டாம். வேறு ஏதாவதாக இருந்தாலும் இந்த மருந்தால் கேடு வராது.

முகத்தில் பச்சைத் தண்ணீர் அடிப்பது, அறைவது, உப்புத் தண்ணீரோ பாலோ ஊற்றுவது, வாந்தி எடுக்கவைப்பது எதுவும் வேண்டாம். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகாது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நலாக்சோன் கொடுத்ததும் தம்பி நடுங்கிக்கொண்டு, கோபமாக எழுந்தான். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். விடக்கூடாது. மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். அது இறங்கியபின் உடம்பில் மிச்சமிருக்கும் ஹெராயின் மறுபடி மூச்சை அடக்கலாம். இன்னொரு முறை எடுக்கவும் விடாதீர்கள்.

அன்று அவன் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து 3 வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ திரும்பியவர்களுக்கு முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஹெராயின் என்று விற்கப்படுவதில், அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனைல் கலந்திருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தனியாக, தாழிட்ட அறையில் எடுப்பவருக்கு மூச்சு நின்றால் கவனிக்க ஆளே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் 2 ஸ்ப்ரே இருக்கிறது. வாசல் பக்கத்து மேஜையின் மேல் இழுப்பறையில், பூட்டு இல்லாமல். இருட்டிலும் கைக்கு எட்டும் அந்த இடத்தைக் காட்டியது தம்பிதான்.