ராஜினாமாக் கடிதத்துக்கு முன் முடிக்க வேண்டிய கணக்குகள்

பெருநிறுவன வேலையை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர், முதலில் தமது பணி ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படிக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, அதே துறையில் தொழில் தொடங்கத் தடை உண்டா, நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை அணுகலாமா, பணியில் இருக்கும்போது நீங்கள் உருவாக்கியது யாருக்குச் சொந்தம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். ஹியூலெட் பேக்கர்டில் பொறியாளராக இருந்த ஸ்டீவ் வோஸ்னியாக், தாம் வடிவமைத்த கணினியை முதலில் அந்த நிறுவனத்திடமே காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகே அது ஆப்பிளின் முதல் கணினியாக வெளிவந்தது. அந்த ஒழுங்கை நீங்களும் கடைப்பிடியுங்கள். அலுவலக மடிக்கணினியிலோ அலுவலக நேரத்திலோ உங்கள் தொழிலுக்கான ஒரு வரியைக்கூட எழுதாதீர்கள்.

ஒப்பந்தம் இடம் கொடுத்தால், சம்பளம் வரும்போதே சிறிய அளவில் விற்றுப் பாருங்கள். பில் நைட் 1964-இல் காலணி வியாபாரத்தைத் தொடங்கிய பின்னும், 1969 வரை கணக்காளராகவும் பிறகு ஆசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். பின்னாளில் நைக்கி ஆனது அந்த வியாபாரமே. நண்பர்களின் பாராட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்களை முன்பின் அறியாதவர் முழு விலை கொடுத்து வாங்கி, மறுபடியும் வாங்க வருகிறாரா என்பதே சோதனை.

அடுத்தது விற்பனைக் கணக்கு. ஒரு பொருளின் விலை 500, அதற்கென்றே ஆகும் செலவு 300 என்றால், ஒவ்வொன்றிலும் 200 மிஞ்சும். வாடகை, மின்சாரம், கூலி போன்ற மாதாந்திர நிலைச் செலவு 40,000 என்றால், மாதம் 200 பொருள்கள் விற்றால் கையைக் கடிக்காது. ஆனால் புதிதாகத் தொடங்குவோர் பலர் தமக்கான சம்பளத்தை இதில் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு 30,000 தேவை என்று அதையும் சேர்த்தால், விற்க வேண்டியது 350 ஆகிவிடும். அந்த 350-ஐ வாங்க ஆட்கள் இருக்கிறார்களா, உங்கள் இரண்டு கைகளால் அத்தனையையும் செய்து முடிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் வேலையை விடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணக்கு தேறினாலும் பணம் முடங்கலாம். முதல் மாதம் மூலப்பொருள் வாங்குகிறீர்கள்; இரண்டாம் மாதம் சரக்கை ஒப்படைத்து பில் அனுப்புகிறீர்கள்; வாங்கியவர் 60 நாள் தவணை கேட்கிறார்; போட்ட பணம் திரும்புவது நான்காம் மாதத்தில்தான். இதற்கிடையில் விற்பனை இரட்டிப்பானால் மூலப்பொருளுக்கான செலவும் இரட்டிப்பாகும் என்பதால், நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் தொழில்கூடக் கையில் காசில்லாமல் நின்றுபோவதுண்டு. மாதா மாதம் ஒரே தேதியில் சம்பளம் வாங்கிப் பழகியவருக்கு இது எளிதில் பிடிபடாது. ஆகவே வரவு எந்த வாரம் வரும், செலவு எந்த வாரம் போகும் என்று வாரவாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன்பணம் கேட்கத் தயங்காதீர்கள். முன்பணம் தர மறுப்பவருக்கு முதல் ஆர்டரைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடன் போன்ற தேவை ஏதேனும் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. வருமானம் நிலையில்லாதவரைக் கடன் கொடுப்போர் கூடுதலாக ஆராய்வார்கள். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடக்கூடும். குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்த பிறகே கடிதத்தைக் கொடுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இனி வரியைப் பிடித்துக் கட்ட நிறுவனம் இருக்காது என்பதால், வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டாரோடு அமர்ந்து இரண்டு எல்லைகளை எழுத்தில் வையுங்கள்: சேமிப்பிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு எடுத்துத் தொழிலில் போடுவது, எந்த மாதத்துக்குள் தொழில் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும். இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் மறுபடி வேலை தேடுவதா, தொழிலைச் சுருக்குவதா என்பதையும் அப்போதே முடிவு செய்து, அதே தாளில் குறித்து வையுங்கள்.